பிழை மிசினிலா, கையிலா? ரோபோ கிளவுஸ் சரியாக ஓடாதபோது வீட்டில் பார்க்க வேண்டியவை

மட்டக்களப்புக் கல்லடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். 2021 கடைசியில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனது. கால் நாலைந்து மாதத்தில் ஓரளவு பிடித்துக்கொண்டது. கை மட்டும் பொத்தியது பொத்தியபடியே நின்றது. கட்டாரிலிருக்கும் தம்பி, விரல்களை மூடித் திறந்து பயிற்சி தரும் ஒரு ரோபோ கிளவுஸ் வாங்கி அனுப்பினான். அதை அம்மாவுக்குப் போட்டுப் பழகியது தெரிந்த பிறகு, மற்ற வீடுகளின் கிளவுஸ்களும் என் மேசைக்கு வரத் தொடங்கின. ஏறாவூரிலிருந்து வந்தது, காத்தான்குடியிலிருந்து வந்தது, அக்கரைப்பற்றிலிருந்து வந்தது, படுவான்கரையிலிருந்து வாவி கடந்தும் வந்தது. எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு அனுப்பியவை. கூட வரும் புத்தகமோ சீனத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வைத்தியரில்லை. மிசினைப் பற்றி இதில் சொல்வது என் தொழிலறிவு. கையைப் பற்றிச் சொல்வது, அம்மாவைப் பார்த்த பிசியோ மிஸ் எனக்குக் கைபிடித்துக் காட்டித் தந்ததும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, களுவாஞ்சிகுடி, கல்முனை ஆதார வைத்தியசாலைகளுக்கோ கிளினிக் போகிறவர்கள் அடுத்த முறை கிளவுசையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். எந்தப் பலத்தில், எவ்வளவு நேரம் என்பதை அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். எலும்பு முறிவு ஆறாத கை, புண் உள்ள கை, சூடாக வீங்கியிருக்கும் கை ஆகியவற்றுக்கு அவர்களைக் கேட்காமல் போடவே வேண்டாம்.

மிசின் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பாதிப் பிழை தானாக விளங்கும். ஒவ்வொரு விரலின் முதுகிலும் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர்ப் பை இருக்கும். ரியூப்களால் கிளவுசோடு இணைந்த பெட்டிக்குள் சின்னப் பம்ப். அது காற்றை ஊதினால் பை நீண்டு விரலை மடக்கும். காற்றை உறிஞ்சினால் பை சுருங்கி விரலை நிமிர்த்தும். வழக்கமாக உறிஞ்சும் பலம் ஊதும் பலத்தைவிடக் குறைவு. நமக்கு மடக்குவதில் கஷ்டமில்லை, பாரிசவாதக் கை தானாகவே மடங்கித்தான் கிடக்கிறது. திறப்பதுதான் பெரும்பாடு. மிசினுக்கும் அதே பக்கம்தான் பலவீனம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

எந்தப் பிழையானாலும் முதலில் இது

கிளவுசைக் கழற்றி, சுகமான ஒருவரின் அதே பக்கக் கையில் போடுங்கள். வலது கிளவுஸ் என்றால் உங்கள் வலது கை. அதே நிலை, அதே பலம். கையைத் தளர்த்தி விட்டுப் பாருங்கள். உங்கள் கையில் ஒழுங்காக மூடித் திறந்தால் மிசினில் பிழை இல்லை. நோயாளியின் கை ஏதோ சொல்கிறது. உங்கள் கையிலும் ஓடவில்லை என்றால் மிசினைப் பார்க்கலாம்.

இரண்டு நிமிட வேலை. இது தெரியாமல் திருக்கோவிலிலிருந்து ஒரு பிள்ளை இரண்டு பஸ் மாறி வந்தார். கடை வாசலில் நின்றபடியே என் கையில் போட்டேன், அழகாக ஓடியது. பார்க்க வேண்டிய கை திருக்கோவிலில் அப்பாவோடு கிடந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள்: பெட்டியில் ரியூப்கள் சேர்ந்து வந்து மாட்டும் பிளக்கைப் பிடுங்கினால் காற்று உடனே இறங்கிவிடும். சுவிட்சைத் தேடுவதைவிட அது கெதி. நோயாளிக்கும் அவரின் நல்ல கையால் பிடுங்கப் பழக்குங்கள். நோகிறது என்று சொல்ல வாய் வராதவர்களுக்கு அந்தப் பிளக்தான் வாய்.

“மிசின் ஓடுது, விரல் திறக்குதில்ல”

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். உங்கள் கையில் ஓடுகிறது, அப்பாவின் கையில் மாத்திரம் பம்ப் முக்கி முனகுகிறது, விரல் அசையாது. உடனே எல்லாரும் செய்வது பலத்தைக் கூட்டுவது. தயவுசெய்து கூட்ட வேண்டாம்.

பாரிசவாதத்துக்குப் பிறகு தசையில் ஓர் இறுக்கம் ஏறும். அதற்கு ஒரு குணம் உண்டு: எவ்வளவு கெதியாக இழுக்கிறோமோ அவ்வளவு இறுகும். வயல் சேற்றில் புதைந்த காலை வெடுக்கென்று இழுத்தால் சேறு பிடித்துக்கொள்ளும், ஆறுதலாக எடுத்தால் விட்டுவிடும். இந்தக் கையும் அப்படித்தான். பலத்தைக் கூட்டினால் பை வெடுக்கென்று இழுக்கும், தசை வெடுக்கென்று எதிர்க்கும், பிறகு இரண்டு பேருக்கும் சண்டைதான்.

பலத்தைக் கீழே இறக்குங்கள். வேகத்துக்குத் தனிப் பட்டன் இருந்தால் அதையும் இறக்குங்கள். அதற்கு முன் மிசின் இல்லாமல் உங்கள் கையால் மெல்ல மெல்லத் திறந்து பாருங்கள். முதலில் பிடித்து, பிறகு வெண்ணெய் உருகுவது போல விட்டுக்கொடுத்தால் அது தசை இறுக்கம், பழக்கலாம். எவ்வளவு ஆறுதலாகத் திறந்தாலும் ஓரிடத்தில் சுவர் மாதிரி நின்றுவிட்டால் மூட்டும் தசைநாரும் குறுகியிருக்கக்கூடும். அந்தச் சுவரை மிசினால் இடிக்கப் போகக் கூடாது. அது பிசியோவின் கைக்கும், தேவைப்பட்டால் கையைத் தாங்கும் பட்டைக்கும் உரிய வேலை.

இனி நான் படித்தவற்றிலேயே மிகப் பெறுமதியான விசயம். உங்கள் கையை இப்போதே மேசை விளிம்பில் வையுங்கள். மணிக்கட்டைத் தளர்த்தி, உள்ளங்கை நிலம் பார்க்கக் கீழே தொங்க விடுங்கள். விரல்கள் தாமாக விரிகின்றனவா? மணிக்கட்டை மேலே மடக்குங்கள், விரல்கள் தாமாகச் சுருளும். விரலை மடக்கும் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து போவதால் வரும் இயற்கை இது. இறுகிய கைக்கும் இதே கணக்குத்தான். கிளவுஸ் போடும்போது விரல் நுனியைப் பிடித்து இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மேசையில் கிடக்கட்டும், மணிக்கட்டு விளிம்பில் தொங்கட்டும். பெருவிரலை நுனியில் பிடிக்காமல் அடி மேட்டோடு சேர்த்துப் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். மற்ற விரல்கள் கொஞ்சம் தளரும். அந்த நேரத்தில் சின்ன விரல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிளவுசுக்குள் விடுங்கள். அம்மாவுக்கு முதல் நாள் போட முக்கால் மணித்தியாலம் பிடித்தது. இரண்டு பேருக்கும் அழுகை வந்தது. இந்தத் தொங்கவிடும் வித்தையை மிஸ் காட்டிய அன்று ஐந்து நிமிடத்தில் போட்டோம்.

போட்ட பிறகு மணிக்கட்டின் கீழ் ஒரு துவாயைச் சுருட்டி வைத்து நேராகத் தாங்குங்கள். மணிக்கட்டை மேலே வளைத்து வைத்துக்கொண்டு விரலையும் முழுசாக நிமிர்த்தினால் நாணுக்கு அளவுக்கு மீறிய இழுவை. தோளும் முக்கியம். கை கதிரைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தால் தோள் மூட்டு இறங்கி நோகும், நோவு வந்தால் இறுக்கம் ஏறும். உயரமான மேசையில்லாத வீட்டில் தலையணியை மடியில் வைத்தாலும் போதும். காலிரண்டும் நிலத்தில் பதிய இருக்க வேண்டும். கட்டிலில் அந்தரத்தில் கால் தொங்க இருப்பவர் விழுந்துவிடுவேனோ என்ற பயத்திலேயே கையை இறுக்கிவிடுவார்.

நேற்றுவரை திறந்த கை இன்றைக்குத் திறக்கவில்லை என்றால்? மிசினை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். மூன்று நாளாக மலம் போகவில்லையா? சலம் போகும்போது எரிவா, மணமா, காய்ச்சலா? காலில் நகம் குத்திப் புண்ணா? முதுகில் படுக்கைப் புண்ணா? உடம்பில் எங்கே நோவிருந்தாலும் பாரிசவாதப் பக்கம் அதை இறுக்கமாகக் காட்டும். பெரியபோரதீவுப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் “பம்ப் பலம் குறைஞ்சிட்டுது” என்று பெட்டியோடு வந்தார். பெட்டி நல்லாயிருந்தது. பெரியம்மாவுக்குச் சலத்தில் கிருமி. மருந்து எடுத்த கிழமையே கை பழையபடி தளர்ந்துவிட்டது.

இறுக்கத்துக்கு பக்லோஃபன் போன்ற குளிசை குடிப்பவர்கள், எந்த நேரத்தில் கை தளர்வாக இருக்கிறது என்று இரண்டு மூன்று நாள் குறித்துப் பார்த்து, கிளவுசை அந்த நேரத்துக்கு வையுங்கள். “கை நல்லாயிட்டுது” என்று அந்தக் குளிசையைத் திடீரென்று நிற்பாட்டக் கூடாது, ஆபத்து. பொட்டுலினம் ஊசி போட்டவர்களுக்குத் தளர்வு ஏறக்குறைய 3 மாதம் நிற்கும். ஊசி போட்ட கை கிளவுசுக்கும் பயிற்சிக்கும் இலகுவாக விட்டுக்கொடுக்கும் காலம் அது. அந்தக் காலத்தைச் சும்மா போக விடாதீர்கள்.

“ஒரு விரல் மட்டும் சும்மா கிடக்குது”

உங்கள் கையிலும் அதே விரல் சும்மா கிடந்தால் இது சுத்தமான மிசின் பிழை. ரியூப்களை மாற்றிப் பாருங்கள். சுட்டுவிரல் சும்மா கிடக்கிறது என்றால், சுட்டுவிரல் பைக்கு நடுவிரலின் ரியூபையும், நடுவிரல் பைக்குச் சுட்டுவிரலின் ரியூபையும் மாட்டுங்கள். இப்போது சுட்டுவிரல் ஓடி நடுவிரல் நின்றுபோனால் பிழை ரியூபிலோ பெட்டியிலோ. மாற்றியும் சுட்டுவிரலே சும்மா கிடந்தால் அந்த விரலின் பையில்.

ரியூப் மடிந்து நெரிந்திருக்கிறதா என்று முதலில் விரலால் தடவிப் பாருங்கள். மணிக்கட்டுப் பட்டியை இறுக்கிக் கட்டும்போது அதன் கீழே ஒரு ரியூப் அகப்படுவது வழமை. ஓட்டை சந்தேகமென்றால் சவர்க்காரத் தண்ணீர்ச் சோதனை. ஆனால் பம்ப்பில் மாட்டியபடி செய்யாதீர்கள்: உறிஞ்சும் முறை வந்தால் தண்ணீரை உள்ளே இழுத்துப் பம்ப்பைக் கெடுத்துவிடும். பாமசியில் ஊசியில்லாத 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். ரியூபைப் பெட்டியிலிருந்து கழற்றி, சிரிஞ்சால் மெல்லக் காற்றை ஏற்றி, நுரைத் தண்ணீரைப் பஞ்சால் தடவுங்கள். ஓட்டை இருக்குமிடத்தில் நுரை பூக்கும்.

பெரும்பாலும் ரியூபின் நுனிதான் அடிக்கடி மாட்டிக் கழற்றித் தளர்ந்திருக்கும். கூரான கத்தியால் ஒரு சென்ரிமீற்றர் நேராக வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டினால் இறுகும். முழு ரியூபையே மாற்ற வேண்டுமென்றால், ஒரு துண்டை வெட்டிக்கொண்டு மீன் தொட்டி விற்கும் கடைக்குப் போங்கள். காற்று விடும் ரியூப்களில் அளவு ஒத்துப்போவது கிடைக்கக்கூடும். ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். மடிப்புப் பையில் ஓட்டை என்றால், சடுதியில் ஒட்டும் பசையைப் பூச வேண்டாம். அது காய்ந்து கண்ணாடி போல இறுகும், பை நீளும்போது பக்கத்தில் இன்னும் பெரிதாகக் கிழியும். சைக்கிள் ரியூப் ஒட்டும் இழுபடு பசை சிலவற்றில் கொஞ்சக் காலம் நின்றிருக்கிறது. பையை மாற்றுவதுதான் சரியான வழி. ஊருக்கு வருகிறவர்களிடம் சொல்லி விரல் பை இரண்டு மேலதிகமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

உங்கள் கையில் எல்லா விரலும் ஓடி, நோயாளிக்குப் பெருவிரல் மட்டும் வரவில்லை என்றால் திருத்த எதுவுமில்லை. பெருவிரல் பல திசையில் அசைவது. ஒரு பை அதை ஒரு திசையில்தான் தள்ளும். பெருவிரலுக்கு உங்கள் கையே நல்ல மிசின்.

“மழைக்குப் பிறகு பெட்டி எழும்புதில்ல”

கார்த்திகை, மார்கழியில் இந்த முறைப்பாடு கூடும். கடலோர வீடுகளில் உப்புக் காற்று சார்ஜ் போடும் வாயைக் கறுக்க வைத்துவிடும். பெட்டியை நிற்பாட்டி, காய்ந்த மெல்லிய தூரிகையால் அந்த வாயைத் துடைத்து, வேறொரு நல்ல வயரால் சார்ஜ் போட்டுப் பாருங்கள். பல பெட்டிகள் இதிலேயே எழும்பிவிடும். போனை அரிசிப் பானைக்குள் வைப்பது போல இதை வைக்க வேண்டாம். அரிசித் தூசியைப் பம்ப் உறிஞ்சிக்கொள்ளும். மணலும் அப்படித்தான், பெட்டியை நிலத்தில் வைக்காமல் மேசையில் வையுங்கள். பற்றரி உப்பிப் பெட்டியின் மூடி பிதுங்கியிருந்தால் சார்ஜ் போடவோ குத்தவோ வேண்டாம். அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள்.

“நல்ல கை அசைய மற்றக் கை அசையுதில்ல”

சில கிளவுஸ்களோடு நல்ல கைக்கு ஒரு மெல்லிய கிளவுஸ் வரும். நல்ல கையை மூடினால் அதிலுள்ள உணரிகள் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி மற்றக் கையையும் மூடும். இது ஓடாவிட்டால், நல்ல கையை நன்றாக விரித்து இரண்டு மூன்று செக்கன் பிடித்து, பிறகு இறுக்கிப் பொத்தி இரண்டு மூன்று செக்கன் பிடியுங்கள். அரைகுறையாக அசைத்தால் உணரி கணக்கெடுக்காது. பெட்டி பதில் சொல்லக் கொஞ்சம் பிந்தும், அதுவரை கையை மாற்றக் கூடாது. அப்படியும் வராவிட்டால் வயரைப் பாருங்கள். விரலடியில் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருக்கும்.

உணரி கிளவுஸ் செத்தே போனாலும் கவலையில்லை. அலுமாரிக் கண்ணாடி ஒன்று போதும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கை இழந்தவர்களின் இல்லாத கை நோவுக்குக் கண்ணாடியைப் பாவித்தார். 1999 இல் அவரும் சேர்ந்து லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை பாரிசவாதக் கைக்கும் அதைக் கொண்டுவந்தது. கண்ணாடியை நெஞ்சுக்கு நேர் நடுவில் மேசையில் நிறுத்துங்கள். சுகமில்லாத கை கண்ணாடிக்குப் பின்னால். நல்ல கை முன்னால். காப்பு, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கண் நம்பாது. நல்ல கையை மூடித் திறந்துகொண்டு கண்ணாடிக்குள் தெரியும் கையைப் பார்க்க வேண்டும், பின்னாலிருக்கும் கையாலும் அதையே செய்யப் பார்க்க வேண்டும். பின்னாலிருக்கும் கையில் கிளவுசைச் சாதாரண நிலையில் ஓட விட்டு, அதன் தாளத்துக்கு நல்ல கையை அசைத்தால் உணரி கிளவுஸ் இல்லாத குறை தெரியாது.

“தோல் சிவந்திருக்கு”, “கை வீங்கிப்போச்சு”

நம்முடைய வெக்கையில் அரை மணித்தியாலத்தில் கிளவுஸ் தெப்பமாக நனைந்துவிடும். உள்ளே மெல்லிய பருத்தித் துணி உறை போட்டு, அதைத் தினமும் துவைத்து வெயிலில் காய வையுங்கள். கழற்றியதும் ஒவ்வொரு விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். பட்டியின் தடம் அரை மணித்தியாலத்தில் மறைந்துவிட்டால் சரி. மறையாமல் நின்றால் பட்டி இறுக்கம், அல்லது கிளவுஸ் சின்னன். உணர்ச்சி குறைந்த கைக்கும், சீனி வருத்தக்காரருக்கும் இது மிக முக்கியம். அவர்களுக்குக் கொப்புளம் வெடித்த பிறகும் தெரியாது.

வீக்கம் வேறு கதை. பகலெல்லாம் தொங்கவிட்டதால் வரும் வீக்கம் கையை நெஞ்சுயரத்துக்கு உயர்த்தி வைத்தால் இறங்கும். அப்படி இறங்காமல், தோல் மினுங்கி, சூடாகி, தொட்டாலே துடித்து, தோளும் சேர்ந்து நொந்தால் கிளவுசை அன்றே நிற்பாட்டிக் கிளினிக்குக்குப் போங்கள். பாரிசவாதத்துக்குப் பிறகு வரும் தோள்-கை நோவாக இருக்கலாம். ஆரம்பத்தில் பிடித்தால் பலன் உண்டு. இரத்தக் கட்டியா என்றும் பார்ப்பார்கள். புதிதாக வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, மற்றப் பக்கமும் பலமிழந்தாலோ கையைப் பற்றிய யோசனையையே விட்டுவிட்டு 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

“மாசக்கணக்காப் போடுறம், ஒண்டும் நடக்கேல்ல”

இந்த முறைப்பாட்டோடு வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டம். ஏனென்றால் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஆறு மாதம், தினமும் காலை இருபது நிமிடம், பின்னேரம் இருபது நிமிடம். நான் கிளவுசைப் போட்டு மிசினைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போவேன். அம்மா ரீவியில் நாடகம் பார்ப்பா. கை தன்பாட்டில் மூடும், தன்பாட்டில் திறக்கும். கை மிருதுவாகியது, நகம் உள்ளங்கையில் குத்துவது நின்றது, கழுவ இலகுவானது. அதுவும் பெரிய உதவிதான். ஆனால் மிசினை நிற்பாட்டினால் ஒரு விரலும் அசையாது.

வீட்டுக்கு வந்து பார்த்த மிஸ் ரீவியை நிற்பாட்டினா. கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கை வேலை செய்யுது, அம்மா எங்க?” என்று கேட்டா.

மிசின் அசைத்தால் மூட்டு காக்கப்படும். மூளை திரும்பப் பழகுவது, ஆள் தானாக முயலும்போதுதான். ரோபோவைப் பற்றி ஆய்வுகளும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. 2018 இல் வந்த, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வு 45 ஆய்வுகளையும் 1619 பேரையும் சேர்த்துப் பார்த்து, ரோபோ உதவியோடு செய்த கைப் பயிற்சி கையின் செயலையும் பலத்தையும் அன்றாட வேலைகளையும் ஓரளவு கூட்டுவதாகச் சொன்னது. அடுத்த வருடமே, பிரித்தானியாவில் 770 பேரோடு நடந்த ரத்துல்ஸ் என்ற ஆய்வு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிறந்த கை ரோபோவை வழமையான சிகிச்சையோடு ஒப்பிட்டு, கையின் செயலில் மேலதிக நன்மை தெரியவில்லை என்றது. அந்த ரோபோக்கள் நம் கிளவுசைவிட எத்தனையோ மடங்கு விலை கூடியவை. ஆகவே பெட்டியை வாங்கினால் கை வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெட்டியைத் தூக்கி எறியவும் வேண்டாம். அது தரும் பெரிய பரிசு எண்ணிக்கை. அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை அமர்வுகளைப் பக்கத்திலிருந்து எண்ணி 2009 இல் வெளியிட்டார்கள்: ஓர் அமர்வில் பாதிக்கப்பட்ட கை, வேலையோடு சேர்ந்த அசைவைச் சராசரியாக 32 தடவைதான் செய்தது. வீட்டில், கிளவுசோடு, ஒருநாளில் அதைப் பல மடங்காக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையிலும் ஆள் உள்ளே இருக்க வேண்டும்.

நாங்கள் மாற்றியது இதுதான். ரீவி, போன் இரண்டும் நிற்பாட்டு. கண் கையில். மிசின் திறக்கும் முன், அம்மாவே “திற” என்று வாய்விட்டுச் சொல்லி, திறக்கப் பார்க்க வேண்டும். வராவிட்டாலும் பரவாயில்லை, முயற்சி வேண்டும். அதன் பிறகுதான் மிசின் வரும். பலத்தை, விரல் அரைவாசி திறக்கும் அளவுக்கு இறக்கினோம். மீதி அரைவாசிக்கு அம்மா பாடுபட வேண்டும். பத்துத் தடவைக்கு ஒருமுறை ஓய்வு, ஏனென்றால் களைத்தால் இறுகும். இருபது நிமிடம் பத்து நிமிடமாகச் சுருங்கியது. அந்தப் பத்து நிமிடத்தில் அம்மாவின் நெற்றி வேர்த்தது.

கடைசி ஐந்து நிமிடம் உண்மையான பொருள். அம்மா வெற்றிலை போடுகிற ஆள், ஆகவே வெற்றிலைத் தட்டத்தை முன்னால் வைத்தோம். முதலில் முழுக் கொட்டைப்பாக்கு. கிளவுஸ் மூடும்போது பிடிப்பது இலகு. விடுவதுதான் வேலை. பிடித்ததை விடுவது, பிடிப்பதைவிடக் கஷ்டமான வேலை என்பதை நான் அப்போதுதான் கண்டேன். பாக்கைத் தட்டத்துக்கு மேலே கொண்டுபோய், “விடு, விடு” என்று தன் கைக்குத் தானே சொல்வா. சில நாள் பாக்கு கையோடு ஒட்டியபடியே நிற்கும். நான் மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுவேன், விரல் தளர்ந்து பாக்கு டொக்கென்று விழும். பாக்கு வேண்டாதவர்கள் பிட்டுக் குழலைப் பிடிக்கலாம், தறிக்காரர் நூல் கட்டையைப் பிடிக்கலாம், பேரப்பிள்ளையின் பந்தும் நல்லது. அந்தக் கைக்கு முன்பு பழக்கமான சாமானாக இருக்கட்டும்.

மிசின் இல்லாத நேரமும் அந்தக் கையை விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றையும் நல்ல கையே செய்துவிட்டால் மற்றக் கையை மூளை கணக்கிலிருந்து எடுத்துவிடும். மேசை துடைக்கும்போது துணிமேல் அந்தக் கையையும் வையுங்கள். தயிர்ச் சட்டியை நல்ல கை கரண்டியால் கோலும்போது, சட்டி ஓடாமல் அந்தக் கை அணைத்துப் பிடிக்கட்டும். வீட்டிலுள்ளவர்கள் பாசத்தில் எல்லாவற்றையும் செய்துகொடுப்பதும் ஒரு தடைதான். என் தங்கச்சியிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

“அசைஞ்சது மிசினா, அம்மாவா?”

இது பிழையில்லை. ஆனாலும் கேட்டு வருகிறார்கள், அதனால் சேர்க்கிறேன். கிளவுஸ் போட்டபடி விரல் முந்தியைவிட நன்றாகத் திறக்கிறது, ஆனால் யார் திறக்கிறார்கள் என்று தெரியவில்லை. சோதனை இலகு. கிளவுஸ் கையிலேயே இருக்கட்டும். ரியூப் பிளக்கைப் பெட்டியிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பைகளில் காற்று இறங்கும்வரை பொறுங்கள். மணிக்கட்டைத் துவாயில் நேராகத் தாங்கி, உங்கள் கையை எடுத்துவிடுங்கள். மணிக்கட்டு கீழே விழுந்தால் விரல் தானாக விரியும், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. இப்போது “திற” என்று சொல்லச் சொல்லுங்கள். விரல் நுனியைப் பார்க்காதீர்கள். புறங்கையில் விரலடி முட்டிகளுக்குப் பின்னால் நாண் எழும்புகிறதா என்று பாருங்கள். அசைவு கண்ணுக்குத் தெரியும் முன் அங்கேதான் தெரியும். கிளவுஸ் மறைத்தால் முன்கையின் மேற்பக்கத் தசையில் உங்கள் விரல்களை மெல்ல வையுங்கள். கீழே ஏதோ துடிப்பது கைக்குத் தெரியும்.

2023 ஆடியில் ஒரு பின்னேரம், கரண்ட் இல்லை, பற்றரியும் இறங்கிப் பெட்டி நின்றுபோய்விட்டது. ரியூப் ஐந்தையும் கழற்றி மேசையில் போட்டுவிட்டு வெளிச்சத்துக்கு யன்னலைத் திறக்கப் போனேன். அம்மா வழக்கம் போல “திற” என்று சொன்னது கேட்டது. பெட்டி ஓடுகிறது என்று நினைத்துச் சொல்கிறாவோ என்று திரும்பினேன். புறங்கையில் சுட்டுவிரலின் நாண் நூல் போல எழும்பியது, விழுந்தது, திரும்ப எழும்பியது. சுட்டுவிரல் தட்டத்திலிருந்து ஒரு பாக்குத் தடிப்பளவு மேலே போய் நின்றது. கொஞ்ச நேரம் நடுங்கியது.

“மனே, இது நான்,” என்றா அம்மா.

அடுத்த நாள் கரண்ட் வந்ததும் பலத்தை இன்னும் ஒரு படி இறக்கினேன்.